வழியில் ஏறியவள்

போன வாரம் நாம் மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தபோது, அவர் நாற்காலி மேல் ஏறி நின்று டி.வி. வயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூத்த மகளுக்கு இது பொதுத்தேர்வு வருஷம். தேர்வு முடிகிற வரைக்கும் வீட்டில் ஒரு சத்தம் கேட்கக்கூடாது என்று அவர் சட்டம் போட்டுவிட்டார்.

சட்டம் கச்சிதமாக அமலுக்கு வந்திருந்தது. மிக்ஸி ஓடுவதில்லை. காலிங் பெல்லுக்குள் பஞ்சு அடைத்தாயிற்று. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற பதமாகத்தான் கதவைக்கூடச் சாத்துகிறார்கள்.

இதில் அதிகம் அடிபட்டது சின்ன மகள். பிறந்ததிலிருந்து வாய் மூடாதவள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அந்த ரேடியோ இப்போது சைகையில் ஓடிக்கொண்டிருந்தது. பால் வேண்டுமானால் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள். கோபம் வந்தால் தலையணையைக் கடிப்பாள்.

அன்று காலை கணக்கு மாதிரித் தேர்வு. பெரியவள் ஷூவுக்கு முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஞாபகசக்தி டானிக்கும் ஸ்பூனுமாக எதிரில் வந்து நின்றார்.

"ஆ காட்டு."

"நேத்தே குடிச்சேனேப்பா."

"நேத்துக் குடிச்சது நேத்தைக்கு. இது புது கம்பெனி. நம்ம கடைல இதுதான் இப்ப பறக்குது."

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். வாசலைத் தாண்டும்போது யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அது மனசில் உறுத்தியது. ஆனால் அவளுக்கும் டிப்போவுக்கு நேரமாகிவிட்டது.

அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். டிப்போவில் அவளை டிரைவரம்மா என்பார்கள். பதினெட்டு சக்கர லாரியையே அடக்குவாள் என்று பேர். வீட்டில் கணவர் போட்ட சட்டத்தை மட்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தாள். 'எல்லாம் பிள்ளை நல்லதுக்குத்தானே, வருஷம் ஓடிவிடும்' என்று இருந்துவிட்டாள்.

டிப்போவில் டூட்டி போடுகிறவர் அவளைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார்.

"டிரைவரம்மா, கோவிச்சுக்காதீங்க. தொழிற்பேட்டை வண்டி ஓட்டறவருக்கு முதுகுப் பிடிப்பு. இன்னைக்கு மட்டும் அந்த ரூட்டை நீங்க எடுத்தா நல்லாருக்கும்."

"மேடும் பள்ளமுமா இருக்குமே அந்த ரோடு. அதுலதான் அவருக்கு முதுகு போயிருக்கும். சாவியக் குடுங்க."

தொழிற்பேட்டை வண்டியில் காலைக் கூட்டம் வடிந்துவிட்டால் பிறகு ஆள் குறைவு. இரண்டாவது நடையில் ஐந்தாறு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். ரயில் நிலையம் தாண்டி, பெரிய மருத்துவமனை தாண்டி, டயர் கடை நிறுத்தத்தில் வண்டியை ஒதுக்கினாள். கதவு திறந்தது.

பள்ளிச் சீருடையில் ஒரு பெண் படியேறினாள். குனிந்த தலை. தோளில் பை. பயண அட்டையை மெஷினில் தொட்டுவிட்டு நிமிர்ந்தவள், டிரைவர் சீட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

பெரியவள்.

பரீட்சை தொடங்கி அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

அம்மாவின் கால் பிரேக்கிலேயே இருந்தது. மகளின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. இறங்கி ஓடிவிடலாமா என்று அவள் கதவைத் திரும்பிப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது.

"என்னம்மா, வண்டி கிளம்புமா கிளம்பாதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

அம்மா கதவை மூடினாள். "முன் சீட்ல உக்காரு" என்றாள் அடங்கிய குரலில். "கம்பியப் பிடிச்சுக்கோ."

வண்டி நகர்ந்தது.

வேறு எங்காவது, வீட்டிலோ தெருவிலோ, இப்படி மாட்டியிருந்தால் அம்மா என்ன செய்திருப்பாளோ தெரியாது. கத்தியிருப்பாள். கை ஓங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே தண்ணி லாரியும் பக்கத்தில் சைக்கிளும் வரும்போது கத்த முடியாது. அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கோபத்தைத் தள்ளிப்போட்டாள். அடுத்த நிறுத்தத்தில் யாரோ கைக்குழந்தையோடு ஏறினார்கள். அதற்கடுத்ததில் ஒரு முதியவரை இறக்கிவிட வேண்டியிருந்தது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் பயணிகளோடு அந்தக் கோபமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் பயம் மட்டும் மிச்சமிருந்தது.

ஓட்டுநருடன் பேச வேண்டாம் என்று தலைக்கு மேலே எழுதியிருந்தது. பெரியவள் அதையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

காய்கறிப் பையோடு ஏறிய ஒரு பாட்டியம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன பாப்பா, இன்னைக்கு எல்லாருக்கும் பரீட்சைன்னாங்களே. உனக்கு இல்லையா?"

அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்:

"அவ என் பொண்ணும்மா. இன்னைக்கு என்கூட டூட்டி."

பாட்டியம்மா சிரித்தார். பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்குவது கண்ணாடியில் தெரிந்தது.

தொழிற்பேட்டையில் எல்லோரும் இறங்கினார்கள். திரும்பும் நேரத்துக்குக் கொஞ்சம் இடைவெளி இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு அம்மா சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்தாள்.

"சொல்லு."

"நீ இந்த ரூட்ல வரமாட்டியேம்மா" என்றாள் பெரியவள். அதுதான் முதலில் வந்தது.

"வந்துட்டேனே. சொல்லு."

"ஸ்கூல் கேட் வரைக்கும் போனேன். எல்லாரும் வாசல்ல நின்னு ஃபார்முலா ஒப்பிச்சிட்டு இருந்தாங்க. காதுக்குள்ள ங்ஙொய்னு ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம் கால் தானா நடக்க ஆரம்பிச்சுது. டயர் கடைகிட்ட வந்து நின்னப்பதான் எங்க இருக்கேன்னே தெரிஞ்சுது."

"படிக்கலையா?"

"படிச்சேன்மா!" அந்தக் குரலில் கோபம் இருந்தது. "போன டெஸ்ட்ல வெறும் பேப்பர் குடுத்தேன்ல, அதுல இருந்த கணக்கு அத்தனையும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தேன், எல்லாம் வருது. ஹால்ல உக்காந்தா மட்டும் கை நகராது. யாரோ கையைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். "எப்படிச் சொல்றது? வீட்ல எனக்காக எல்லாரும் வாயைக் கட்டிட்டு இருக்கீங்க. ரேடியோகூட சைகை காட்டுறா. ஒருத்தரும் பேசாத வீட்ல நான் மட்டும் என்னத்தப் பேசறது?"

அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. படிக்கிற பிள்ளைக்கு நிம்மதி கொடுப்பதாக நினைத்து, வீட்டையே ஐ.சி.யூ. வார்டாக மாற்றியிருக்கிறோம். அதில் நோயாளியாகப் படுத்திருந்தவள் இவள். இது தன் கண்ணில் படவில்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. வண்டியைத் திருப்ப வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லு. இந்தப் பரீட்சையே வேண்டாம்னு தோணுதா?"

பெரியவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"எழுதணும்மா. இந்த வருஷமே எழுதணும். எப்படின்னுதான் தெரியல."

"சரி. எப்படிங்கறதைப் பாப்போம். டூட்டி முடியற வரைக்கும் அங்கயே உக்காரு. மதியம் ஸ்கூலுக்குப் போறோம்."

"இன்னைக்கேவா?"

"பின்ன? நாளைக்குப் போனா, நேத்து ஏன் வரலன்னு அதையும் சேத்துக் கேப்பாங்க."

பெரியவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மிச்ச நடைகள் முழுக்க அவள் முன் சீட்டிலேயே வந்தாள். டிப்போ கேண்டீனில் அம்மாவின் சகாக்களுக்கு நடுவே உட்கார்ந்து முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டாள். அங்கே யாரும் மெதுவாகப் பேசவில்லை. தட்டு உருண்டது, ஒருவர் இன்னொருவரின் தொப்பையைக் கிண்டல் செய்தார், யாரோ மேஜையைத் தட்டிப் பாடினார். பெரியவள் இரண்டாவது ரொட்டியும் வாங்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்து பிள்ளைகள் கலைந்திருந்தார்கள். கணக்கு டீச்சர்தான் தேர்வுப் பொறுப்பாளர். ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். காக்கிச் சீருடையில் அம்மாவையும் பின்னால் மகளையும் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"வாங்க, உக்காருங்க. என்ன விஷயம்?"

அம்மா தயங்கினாள். "இவ காலைல பரீட்சைக்கு வரல டீச்சர். அதப் பத்தித்தான்..."

"அதனால என்ன? நானே எதிர்பாக்கலையே. அவதான் இந்த வருஷம் எழுதப்போறதில்லையே!"

"யார் சொன்னா?" என்றாள் பெரியவள்.

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர்தான் திங்கக்கிழமை வந்து ஹெட்மாஸ்டரைப் பாத்துப் பேசினாரே. மார்க் இப்படிப் போகுதே, இந்த வருஷம் நிறுத்தி அடுத்த வருஷம் எழுதலாம்னு நாங்க சொன்னோம். அவரும் சரின்னுட்டாரு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அம்மா மனசுக்குள் நாளைக் கணக்குப் போட்டாள். திங்கட்கிழமையிலிருந்து இந்த மனுஷர் டானிக் ஊற்றிக்கொண்டிருக்கிறார், சுவரில் படிப்பு அட்டவணை ஒட்டிக்கொண்டிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் வெளியாள் முன்னால் கணவரை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது.

"அவரு அவசரத்துல சொல்லியிருப்பாரு டீச்சர். நாங்க வீட்ல உக்காந்து பேசிட்டுச் சொல்றோம்."

"நான் எழுதறேன்" என்றாள் பெரியவள்.

மெதுவாகத்தான் சொன்னாள். டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"ஏம்மா, போன டெஸ்ட்ல ஒரு வரி எழுதல நீ. உன் பேர் மட்டும்தான் இருந்துச்சு."

"தெரியும் டீச்சர். இன்னைக்கு வச்ச பேப்பரை இப்ப நான் எழுதட்டுமா?"

"மார்க்ல சேராதும்மா."

"சேர வேண்டாம். எழுதிப் பாக்கணும்."

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கட்டுகளைப் பார்த்தார். வீட்டுக்குப் போக நினைத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு வினாத்தாளை எடுத்து நீட்டினார். "மூலை மேஜைல உக்காரு. நான் திருத்தி முடிக்கிற வரைக்கும்தான்."

அம்மா வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு டன் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது வராத வியர்வை உள்ளங்கையில் வந்தது. எட்டிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். எட்டிப் பார்த்தாள்.

பெரியவள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பேனா நகரவில்லை. அம்மா வேறு பக்கம் பார்த்தாள், மைதானத்தில் யாரோ விட்டுப்போன பந்தைப் பார்த்தாள், மறுபடியும் திரும்பினாள். பேனா அதே இடத்தில் இருந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது. மகள் எழுந்து வாசலுக்கு வந்தாள். 'அவ்வளவுதான்' என்று அம்மா நினைத்தாள்.

"அம்மா, நீ உள்ள வா."

"நானா? நான் வந்து என்ன பண்ண?"

"ஏதாவது பேசிட்டு இரு. இவ்ளோ அமைதியா இருந்தா அந்த ங்ஙொய் மறுபடி வருது."

டீச்சர் இதைக் கேட்டுவிட்டார். "இது என்ன பரீட்சையா, கல்யாணப் பந்தலா?" என்றார். ஆனால் காலால் ஒரு ஸ்டூலை அம்மா பக்கம் நகர்த்தினார்.

அம்மா உட்கார்ந்தாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. டீச்சரே ஆரம்பித்தார்.

"நீங்க பஸ்தானே ஓட்டறீங்க? ரொம்ப நாளா ஒருத்தரைக் கேக்கணும்னு இருந்தேன். சாயங்காலம் எங்க ஸ்கூல் ஸ்டாப்ல உங்க ஆளுங்க ஏன் நிறுத்தறதே இல்ல? கை காட்டினா வேகமாப் போறாங்க!"

"நிறுத்தத்துக்கு முன்னால ஆட்டோ வரிசையா நிக்குது டீச்சர். ஒதுக்க இடமே இல்ல. நடு ரோட்ல நிறுத்தினா போலீஸ்காரர் எங்களத்தான் பிடிக்கிறாரு."

"அப்ப நான் நடு ரோட்ல வந்து நிக்கட்டுமா?"

"ஐயோ, அப்படி மட்டும் செஞ்சிடாதீங்க. பிரேக் இப்பத்தான் மாத்தியிருக்கோம்."

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு தாளில் பெரிதாகத் தப்புக் குறி போட்டார். பேச்சு ஆட்டோவிலிருந்து மழைக்கும், மழையிலிருந்து டீச்சரின் முழங்கால் வலிக்கும் போனது. நடுவில் ஒருமுறை அம்மா மூலையைப் பார்த்தாள். பேனா ஓடிக்கொண்டிருந்தது. அவள் சட்டென்று பார்வையைத் திருப்பி, முழங்கால் வலிக்கு என்ன தைலம் போடுகிறார் என்று டீச்சரை அக்கறையாக விசாரித்தாள்.

டீச்சர் கடைசிக் கட்டை முடித்ததும் பெரியவளின் தாளை வாங்கிப் பார்த்தார். நின்றபடியே சிவப்புப் பேனாவால் தட்டிக்கொண்டு போனார்.

"இது சரி. இது சரி. இது பாதியில நிக்குது. இதைத் தொடவே இல்ல. வடிவியல் பக்கமே போகல போலிருக்கு... இது, ம், வேற வழியில போட்டிருக்க. ஆனா விடை சரி."

"பாஸ் ஆகுமா டீச்சர்?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னைக்கு எழுதினதுக்கா? மயிரிழைல போயிருக்கும். ஆனா வெறும் பேப்பர் குடுத்த பொண்ணு இல்ல இவ." டீச்சர் பெரியவளை நேராகப் பார்த்தார். "நிஜப் பரீட்சைல உங்கம்மா வந்து ஸ்டூல் போட்டு உக்கார மாட்டாங்க. அதுக்கு என்ன பண்ணுவ?"

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு டீச்சர். முதல்ல சத்தத்துல எழுதறேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சத்தத்தக் குறைக்கறேன்."

டீச்சர் அவள் தாளை மடித்துக் கையில் கொடுத்தார். பிறகு, "பரீட்சை முடியற வரைக்கும் தினம் சாயங்காலம் இங்க வந்து எழுது. ஸ்டாஃப் ரூம்ல சத்தத்துக்குப் பஞ்சமில்ல" என்றார். வாசல் வரைக்கும் வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னார்: "வீட்டுக்காரரை சீக்கிரம் ஹெட்மாஸ்டர்கிட்ட மாத்திச் சொல்லச் சொல்லுங்க. தள்ளிப்போடாதீங்க."

வீட்டுக் கதவை ரேடியோதான் திறந்தாள். உதட்டில் விரலை வைத்து, அக்காவைக் காட்டி, பேனா பிடித்து எழுதுவதுபோலக் காற்றில் கிறுக்கி, கட்டைவிரலை மேலேயும் கீழேயும் ஆட்டினாள். பரீட்சை நன்றாக எழுதினாளா இல்லையா என்று அர்த்தம்.

"வாயத் தொறந்து கேளுடி" என்றாள் அம்மா.

ரேடியோ பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். அவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டிருந்தார்.

"மெதுவாப் பேசு" என்றார் அவர், பழக்கத்தில்.

அம்மா தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"திங்கக்கிழமை ஹெட்மாஸ்டரைப் பாத்தீங்களா?"

அவர் கையிலிருந்த தம்ளரை மெல்ல இறக்கி வைத்தார். முகத்தில் இருந்த விறைப்பெல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது.

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? பரீட்சை முடிஞ்சப்புறமா? அவளுக்கு டானிக் ஊத்தறீங்க, சுவர் முழுக்க அட்டவணை ஒட்டறீங்க, அங்க போய் அவ எழுதமாட்டான்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. எதுதாங்க நிஜம்?"

"ரெண்டும் நிஜம்தான்" என்றார் அவர். குரல் கம்மியிருந்தது. "உனக்குத் தெரியாது. கடைக்குத் தினம் வர்றாங்க. எங்க பிள்ளை தூங்க மாட்டேங்குது, சாப்பிட மாட்டேங்குது, ஏதாவது மாத்திரை குடுங்கன்னு. எல்லாம் இவ வயசுதான். டாக்டர் சீட்டு இல்லாம குடுக்க முடியாதுன்னு அனுப்பிடறேன். அனுப்பிட்டு நாள் பூரா நடுங்கறேன். இவ பாத்ரூம்ல குழாயைத் தொறந்து விட்டுட்டு அழறதை நான் கேட்டிருக்கேன். ஒரு வருஷம் போனா மயிராச்சு, பிள்ளை இருந்தா போதும்னு..."

கெட்ட வார்த்தை வாய் தவறி வந்துவிட்டதில் அவரே திடுக்கிட்டு ரேடியோவைப் பார்த்தார். ரேடியோவின் கண்கள் சந்தோஷத்தில் விரிந்தன.

பெரியவள் பையைக் கீழே வைத்தாள்.

"நான் அழறதைக் கேட்டீங்க. கேட்டுட்டு ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனீங்க." அவள் குரல் உயரவில்லை. "பாத்ரூம் கதவைத் தட்டியிருக்கலாம்லப்பா?"

மருந்துப் பெட்டிகளை நாளெல்லாம் அடுக்குகிற அப்பாவின் கைகள் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தேடின.

"தட்டினா என்ன சொல்றதுன்னு தெரியலம்மா" என்றார் கடைசியில்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்னம்மான்னு கேட்டாலே போதும்."

"என்னம்மா?" என்றார் அவர்.

பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். கேட்டில் நின்றது, டயர் கடை, பஸ், மூலை மேஜை. அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வடிவியல் பக்கமே போகவில்லை என்கிற இடத்தில் மட்டும் வாய் துடித்தது. அம்மா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டது.

"நான் எழுதறேன்ப்பா. பயமாத்தான் இருக்கு. ஃபெயிலானாலும் ஆவேன். ஆனா என்னை வச்சு முடிவு பண்ணுங்க, என்னை விட்டுட்டுப் பண்ணாதீங்க."

அவர் எழுந்தார். சுவரிடம் போய் அட்டவணையின் ஒரு முனையைப் பிடித்து உரித்தார். டேப் பலமாக ஒட்டியிருந்ததால் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. பாதிச் சுவர் மொட்டையாகிவிட்டது.

"அப்ப நான் பேசலாமா?" என்றாள் ரேடியோ.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அணை உடைந்தது. வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள், வாத்தியார் ஒருவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, தனக்குப் பல் ஆடுவது எல்லாம் ஒரே மூச்சில் வந்து கொட்டியது. பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த இரைச்சலுக்கு நடுவே அப்பா போனை எடுத்தார். "இப்பவே சொல்லிடறேன். சொன்ன வாயாலயே மாத்திச் சொல்லணும்."

ஹெட்மாஸ்டர் எடுத்துவிட்டார். அப்பா எழுந்து நின்றுகொண்டு பேசினார். "ஆமா சார்... எழுதறா சார்... என் தப்புதான் சார்." பிறகு அவர் பேசுவதை நிறுத்திவிட்டுக் கேட்க மட்டும் செய்தார். கேட்கக் கேட்க முகம் இறுகியது. ரேடியோகூடக் கவனித்துவிட்டு நாயை அப்படியே விட்டுவிட்டாள்.

போனை வைத்தார்.

"பேர்ப் பட்டியல் இன்னைக்கு மத்தியானமே தேர்வு அலுவலகத்துக்குப் போயிடுச்சாம். இவ பேர் இல்லாமலே போயிருக்கு."

பெரியவளின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"இனிமே ஸ்கூல்ல ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாரு. சேக்கணும்னா நேர்ல போய்க் கேக்கணுமாம். நாளைக்கு ஒரு நாள்தான் டைம். அவங்க ஒத்துக்குவாங்கன்னு அவரால உறுதி சொல்ல முடியாதாம்." அவர் நெற்றியைத் தேய்த்தார். "அந்த ஆபீஸ் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

யாரும் அழவில்லை. பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேஜை மேலிருந்த தொப்பியை எடுத்து, தூசி தட்டி, ஆணியில் மாட்டினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "மருத்துவமனைக்குப் பின்னாடி, மஞ்சள் கட்டடம். என் ரூட்ல வருஷக்கணக்கா அந்த வாசல்லதான் வண்டியத் திருப்பறேன், உள்ள போனதில்ல. காலைல முதல் வண்டியில போறோம். அவங்க கதவு தொறக்கும்போது நாம அங்க நிக்கணும்."

"நானும் வரேன்" என்றார் அப்பா.

"நீங்க வராம? முதல்ல பேசப்போறதே நீங்கதான்."

"இல்லம்மா" என்றாள் பெரியவள். "முதல்ல நான் பேசறேன்."